குதிகால் நாண் தையல்: தழும்புதான் சிறியது, காத்திருப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுந்துபோன குதிகால் நாணைச் சிறு துளை வழியாகத் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தோம். இந்தக் காயத்தைப் பற்றி நாளிதழ்கள் எழுதுவதே அரிது, அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர், உள்ளே கேமரா போகும், மறுநாளே எழுந்து நடக்கலாம், தழும்பு சிறியதாக இருப்பதால் குணமும் சீக்கிரம் ஆகும் என்ற நம்பிக்கையோடுதான் மருத்துவர் முன் வந்து உட்காருவார். தைத்த நாண் இரண்டாம் மாதத்தில் மறுபடி அறுவதற்கு இந்த நம்பிக்கையே பல நேரம் காரணமாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீள்கிறது.

முதலில் ஒரு சொல். கட்டுரை முழுக்க ‘குதிகால் நரம்பு’ என்றே இருந்தது. பேச்சுவழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். குறை சொல்ல முடியாது. ஆனாலும் இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை அந்தச் சொல் குழப்பம் சிறியதல்ல. அறுவது தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் கயிறு அது. நரம்பு என்பது வேறு: உணர்ச்சியைக் கடத்தும் மெல்லிய இழை. சூரல் நரம்பு என்று ஒன்று இதே நாணின் வெளி ஓரத்தை ஒட்டி ஓடுகிறது. தைக்க வேண்டியது நாணை, ஊசி படவே கூடாதது நரம்பில். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், ‘நரம்பில் தையல் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு’ என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருப்பதை நோயாளி எப்படிப் புரிந்துகொள்வார்? தைக்கப் போவதே நரம்பைத்தானே என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அக்கிலிஸ் நாண் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தக் குதிகால் நாண் உடலிலேயே தடித்தது, வலியது. நீளம் சுமார் 15 செ.மீ. அதன் இழைகள் மேலிருந்து இறங்கும்போது கயிறு முறுக்கேறுவது போலத் திரும்பிக் குதிகால் எலும்பின் பின்புறத்தில் போய் ஒட்டுகின்றன. ஒட்டும் இடத்திலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுவதும் அங்கேதான். இந்த நாணைச் சுற்றி நீர் சுரக்கும் உறை கிடையாது. பாராடெனான் என்ற மெல்லிய சவ்வு மட்டும் இருக்கிறது. நாணுக்கு இரத்தம் வரும் வழிகளில் முக்கியமானது அந்தச் சவ்வு. அதற்கும் மேலே மெல்லிய கொழுப்பும் தோலும்தான். தசை மூடாக்கு எதுவும் இல்லை.

சிறுதுளை முறை ஏன் வந்தது என்பதற்கு விடை அந்தத் தோலில் இருக்கிறது. பழைய திறந்த முறையில் 8 முதல் 10 செ.மீ. வரை கீறுவார்கள். கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், தையலும் திருத்தமாக விழும். ஆனால் அந்த இடத்துத் தோலுக்கு இரத்தம் போதாது. ஓரம் கறுக்கும், தையல் பிரியும், சீழ் பிடிக்கும். புகைப்பவர், சர்க்கரை நோயாளி, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தோல் பிரிந்துவிட்டால் நாணே வெளியே தெரியும். உடலின் வேறிடத்திலிருந்து தோலும் சதையும் கொண்டுவந்து மூடும் அளவுக்குப் போவதும் உண்டு. ஆகவே கீறலைச் சுருக்கினார்கள். தோலைக் காப்பாற்றத்தான் சுருக்கினார்கள். நாண் ஒட்டும் வேகத்துக்கும் கீறலின் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

1977-இல் மா, கிரிஃபித் என்ற இருவர் நாணின் இருபுறமும் சிறு குத்துக் கீறல்கள் மட்டும் போட்டு, நாணைப் பார்க்காமலேயே தைக்கும் முறையை வெளியிட்டார்கள். தோல் தப்பியது. நரம்புதான் மாட்டிக்கொண்டது. அறுந்த இரு முனைகளும் உண்மையிலேயே தொட்டுக்கொண்டனவா என்று பார்க்கவும் வழியில்லை. 1995-இல் ஜப்பானின் ககியுச்சி இரண்டையும் கலந்தார்: அறுந்த இடத்தில் மட்டும் ஒரு சிறு கீறல், தையல் ஊசி மட்டும் தோல் வழியாக. 2002-இல் அசாலும் சகாக்களும் விவரித்த அக்கிலான் கருவி, பிறகு வந்த பார்ஸ் கருவி எல்லாம் இந்த யோசனையின் வாரிசுகள். இந்தக் கருவிகளில் கேமரா கிடையாது. மருத்துவர் கீறல் வழியாக நேரே பார்க்கிறார், விரலால் தடவி உணர்கிறார், மீதிக்குக் கருவியின் துளைகளை நம்புகிறார். எண்டோஸ்கோப் வைத்துச் செய்வோரும் இருக்கிறார்கள், ஆனால் வழக்கமான முறை அதுவல்ல.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எது எங்கே தவறும் என்பது அதில்தான் தெரியும்.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, இரு பாதங்களும் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுவார்கள். நல்ல காலையும் சேர்த்துத் துடைத்து மூடிவைப்பது நல்லது. கடைசியில் முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவுகோல் அந்தக் கால்தான். விரலால் தடவினால் நாணில் பள்ளம் தட்டுப்படும். அங்கே, அல்லது சற்று மேலே, 2 முதல் 3 செ.மீ. கீறல். கொழுப்பைக் கத்தியால் வெட்டாமல் கத்தரி முனையால் விலக்குவார்கள். பாராடெனான் சவ்வைக் கவனமாகப் பிளந்து, பின்னர் மூடுவதற்காக அதன் ஓரங்களில் ஒரு நூலைப் போட்டு வைப்பார்கள். மேல் முனையைக் கிளாம்ப்பால் பிடித்துக் கீழே இழுப்பார்கள். அறுந்த முனை ஒழுங்காக வெட்டுப்பட்ட கயிறு போல இருக்காது. தேய்ந்த துடைப்பம் போலப் பிரிபிரியாக இருக்கும். அந்தப் பிசிறில் எந்தத் தையலும் நிற்காது. மேலே, நல்ல நாணில்தான் ஊசி ஏற வேண்டும்.

அக்கிலான் போன்ற, ஊசிக்கு வழிகாட்டும் கருவிக்கு நான்கு கைகள். உள் கைகள் இரண்டும் சவ்வுக்கு உள்ளே, நாணின் இருபக்கமும் வழுக்கிக்கொண்டு மேலேறும். வெளிக் கைகள் தோலுக்கு வெளியே நிற்கும். நான்கிலும் ஒரே நேர்கோட்டில் துளைகள். ஊசி வெளிக் கையின் துளையில் புகுந்து, தோலைத் துளைத்து, உள் கை, நாண், மறுபக்கத்து உள் கை, தோல் என்று கடந்து அடுத்த வெளிக் கை வழியே வெளியேறும். எளிய கருவியில் இப்படி மூன்று நூல்கள். பூட்டுத் தையல் போடும் கருவியில் ஐந்தோ அதற்கு மேலோ. பின்னர் கருவியை அப்படியே கீறல் வழியாக வெளியே இழுப்பார்கள். சூட்சுமம் இந்த இழுப்பில்தான் இருக்கிறது. தோலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த நூல் முனைகள் எல்லாம் உள் கைகளோடு சேர்ந்து சவ்வுக்குள் இறங்கி, சிறு கீறல் வழியாக வெளிவருகின்றன. தோலுக்கும் நாணுக்கும் நடுவே கிடக்கும் நரம்பைச் சுற்றி நூல் எதுவும் மிஞ்சுவதில்லை. 1977-இன் முறைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே. ஆனால் ஊசியே நரம்பின் நடுவே பாய்ந்திருந்தால் இந்த உத்தி காப்பாற்றாது. நரம்பு, நாணின் வெளி ஓரத்தைக் குறுக்கே கடக்கும் இடம் குதிகால் எலும்பிலிருந்து சராசரியாக 10 செ.மீ. உயரத்தில். ஆளுக்கு ஆள் அது நிறைய மாறும். எனவே மேல் பகுதியில், வெளிப்பக்கத்தில் ஏறும் ஊசிகளே கவலைக்குரியவை. அல்ட்ராசவுண்டில் நரம்பின் பாதையைப் பார்த்து, தோலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு தொடங்குவது சில நிமிட வேலைதான். அதைச் சலிப்பு என்று தள்ளக் கூடாது என்பது எங்கள் கருத்து.

நூல்கள் வெளியே வந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் மறுபடி போட வேண்டியதுதான். அப்படி வருவதற்குக் காரணங்கள் சில: உள் கை சவ்வுக்கு உள்ளே போகாமல் வெளியே போயிருக்கும், அல்லது கருவி சற்றுத் திரும்பி, ஊசி நாணின் நடுவை விட்டு ஓரத்தைக் கடித்திருக்கும், அல்லது போதுமான உயரம் ஏறாமல் பிசிறிலேயே நின்றிருக்கும். அறுவை அரங்கில் இழுத்துப் பார்த்து நூல் வருவது நல்ல சகுனம் என்றே சொல்லலாம். வீட்டில் வருவதற்கு இது எவ்வளவோ மேல்.

கீழ் முனைக்கும் இதே வேலை. கருவி குதிகால் எலும்பைத் தொடும் வரை இறங்க வேண்டும். நாண் எலும்புக்கு மிக அருகில், 2 செ.மீ.க்கும் குறைவான தூரத்தில் அறுந்திருந்தால் கீழே ஊசி பிடிக்க நாணே இருக்காது. அப்போது மேல் நூல்களை நேரே குதிகால் எலும்புக்குக் கொண்டுபோய், எலும்பில் துளையிட்டு, ஆங்கர் என்ற சிறு பிடிமானத்தை வைத்துப் பூட்டுவார்கள்.

அடுத்தது முடிச்சு. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து, இரு முனைகளும் கீறலுக்குள் கண்ணெதிரே தொட்டுக்கொள்வதைப் பார்த்த பிறகே முடிச்சு விழ வேண்டும். இறுக்கம் எவ்வளவு? முழங்காலை மடக்கி, நல்ல பாதம் தானாக எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதே கோணம், அல்லது அதைவிட ஒரு இழை கூடுதல் இறுக்கம். ஏனென்றால் தைத்த நாண் அடுத்த சில வாரங்களில் சற்று நீளத்தான் செய்யும். இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்த்துத் தளர்வாகக் கட்டினால், ஒட்டிய பின்னும் அந்தக் கால் உந்தாது. பின்னர் சவ்வை மெல்லிய, கரையும் நூலால் மூடி, தோலைத் தைத்து, பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையிலேயே கட்டுப்போடுவார்கள். மூடும் முன் கெண்டைக்காலை ஒருமுறை அழுத்திப் பாதம் அசைகிறதா என்று பார்ப்பார்கள்.

கட்டுரையில் இருந்த ‘அறுந்தால் அறுவை சிகிச்சை கட்டாயம்’ என்ற வரி பற்றியும் சொல்ல வேண்டும். அப்படியில்லை. 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான நார்வே ஆய்வில் 526 பேரை மூன்று பிரிவாக ஒப்பிட்டார்கள்: அறுவை இல்லாத சிகிச்சை, திறந்த முறை, சிறுதுளை முறை. ஓராண்டு கழித்து, நோயாளிகளே தங்கள் காலுக்குத் தந்த மதிப்பெண்ணில் மூன்று பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மறுபடி அறுந்தது அறுவை இல்லாதவர்களில் 6.2 விழுக்காடு, இரு அறுவைப் பிரிவுகளிலும் 0.6 விழுக்காடு. நரம்புக் காயம் முறையே 0.6, 2.8, 5.2 விழுக்காடு. கடைசி எண்ணைப் பாருங்கள். மூன்றிலும் நரம்பு அதிகம் பாதிக்கப்பட்டது சிறுதுளை முறையில்தான். சூரல் நரம்பு காயப்பட்டால் நடக்கும் திறன் போய்விடாது. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும், சிலருக்குச் செருப்பின் வார் பட்டாலே எரியும். கீறலைச் சுருக்கியதற்கு நரம்பு கொடுக்கும் விலை இது. இரண்டில் எதை விரும்புகிறீர்கள் என்று நோயாளியிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஓடி ஆடும் இளைஞருக்கு ஒரு கணக்கு. நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ள, அதிகம் நடமாடாத முதியவருக்கு வேறு கணக்கு.

அறுவை இல்லாத சிகிச்சை என்றால் சும்மா இருப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். அறுந்த சில நாட்களுக்குள் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி, முனைகள் நெருங்கியிருப்பதை உறுதி செய்து, கீழே சொல்லப்போகும் அதே பயிற்சி ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். தாமதமாக வந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

தாமதம் என்றால் எவ்வளவு? சிறுதுளைத் தையலை முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்வதே சுலபம். மூன்று, நான்கு வாரம் கடந்தால் மேல் முனை சுருங்கி ஏறிவிடும். இடைவெளியில் பயனற்ற தழும்புச் சதை நிரம்பிவிடும். அப்போது பெரிய கீறல் போட்டு, நாணை நீட்டியோ, கால் பெருவிரலை மடக்கும் நாணைத் திருப்பிவிட்டோதான் சரிசெய்ய முடியும். இப்படித் தாமதமாவதற்கு முக்கியக் காரணம், நாண் முழுதாக அறுந்தும் நடக்க முடிவது. பாதத்தைக் கீழே அழுத்த வேறு சிறு தசைகளும் இருக்கின்றன. அவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ‘பின்னாலிருந்து யாரோ உதைத்தாற்போல் இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை’ என்று நோயாளி சொல்வார். இரண்டு நாளில் வலி குறையும். சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். எக்ஸ்ரேயும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. சோதனையோ மிக எளிது. குப்புறப் படுக்கவைத்து, பாதத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைக்காலைக் கையால் அழுத்த வேண்டும். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். அறுந்த காலில் அசையாது. 1957-இல் சிம்மண்ட்ஸும் 1962-இல் தாம்ப்சனும் எழுதிவைத்த இந்தச் சோதனைக்கு எந்த ஸ்கேனும் வேண்டாம், அரை நிமிடம் போதும். நின்றபடி குதிகாலைத் தூக்கச் சொன்னால் அந்த ஒற்றைக் காலில் தூக்க முடியாது என்பது இன்னொரு அடையாளம்.

இனி ‘மறுநாளே நடக்கலாம்’ என்ற வரிக்கு வருகிறோம். அதில் பாதி உண்மை. அண்மைக்கால முறைகளில் சில நாட்களிலேயோ இரண்டு வாரத்திலேயோ காலை ஊன்ற விடுகிறார்கள். ஆனால் வெறுங்காலில் அல்ல. முழங்காலுக்குக் கீழ் வரை வரும் கெட்டியான பூட், உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்பு போன்ற அடுக்குகள், கையில் ஊன்றுகோல். நான்காம் வாரம் வாக்கில் தொடங்கி வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஓர் அடுக்காக எடுப்பார்கள். முதல் ஆறு வாரம் பாதம் செங்கோணத்தைத் தாண்டி மேலே மடங்கவே கூடாது. கீழ்நோக்கி அசைக்கலாம், அசைக்கவும் வேண்டும்; மேலே வரும்போது எல்லையில் நிறுத்த வேண்டும். எட்டாவது வாரம் வாக்கில் பூட் கழலும், அதன் பிறகும் சில வாரம் செருப்பில் குதிகால் உயரம் தேவை.

தைத்த நாண் ஓட்டப்பந்தயத்தில் அறுவது குறைவு. இரவில் தூக்கக் கலக்கத்தில் பூட் இல்லாமல் எழுந்து வைத்த ஓரடி, ஈரத் தரையில் ஒரு வழுக்கல், படியில் முன்பாதம் மட்டும் பட்டுக் குதிகால் தொங்கிய ஒரு கணம்: மறு அறுப்புகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், இப்படித்தான் நடக்கின்றன. வலி இல்லாததே இங்கே பகை. தழும்பு ஆறி, வலி போய், கால் இயல்பாகத் தோன்றும் ஆறாவது, ஏழாவது வாரத்தில் உள்ளே இருப்பது இன்னும் முதிராத சதை.

மறு அறுப்பைவிட அதிகம் நடப்பதும், யாரும் பேசாததும் நாண் நீண்டுபோவது. அறுபடாமல், சத்தமில்லாமல், ஓரிரு செ.மீ. நீளும். கால் மேலே நன்றாக மடங்குவதைப் பார்த்து நோயாளிக்கு மகிழ்ச்சி. பயிற்சி தருபவருக்கும் சில நேரம் மகிழ்ச்சி. ஆனால் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னால் மற்றக் காலின் உயரத்துக்கு எழும்பாது. மாடி ஏறும்போது, வேகமெடுக்கும்போது அந்தக் கால் பின்தங்கும். நீண்டுவிட்ட நாணை எந்தப் பயிற்சியும் சுருக்காது. கால் இறுக்கமாக இருக்கிறதே என்று சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை முதல் மூன்று மாதத்தில் செய்யவே கூடாது. அந்த இறுக்கம் நல்லது, தானாகவே தளரும். பத்து, பன்னிரண்டு வாரத்தில் இரு காலாலும் குதிகால் தூக்கும் பயிற்சி, பிறகு எடையை மெல்ல மெல்ல அந்தக் காலுக்கு மாற்றுதல், நான்காம் மாதம் வாக்கில் மெல்லோட்டம். திடீரென்று நின்று திரும்பும் ஆட்டங்களுக்கு ஆறு மாதத்துக்கு முன் இடமில்லை. ஒன்பது மாதம் ஆனாலும் வியப்பில்லை. இந்தக் காலக்கெடு திறந்த முறைக்கும் சிறுதுளை முறைக்கும் ஒன்றேதான்.

பூட் போட்டிருக்கும் வாரங்களில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவதும் உண்டு. கெண்டைக்கால் திடீரென வீங்கிக் கனத்தால் அதைத் தையல் வலி என்று ஒதுக்கக் கூடாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். முன்பு இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காரணங்களைப் பட்டியலிட்ட கட்டுரை மருந்துகளை விட்டுவிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கை போடச் செய்தது. அறுபது வயதைக் கடந்தவர், ஸ்டீராய்டும் சேர்த்து எடுப்பவர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இந்த மருந்தின்போது குதிகாலுக்கு மேலே வலித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு, மருந்தை மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டும். குதிகால் வலிக்கு நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாத வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படம் மூன்று செ.மீ. தழும்பு. அடுத்த முறை அந்த இடத்தில், குப்புறப் படுத்தவரின் கெண்டைக்காலை ஒரு கை அழுத்தும் படத்தைப் போடுங்கள். நல்ல கால் ஒன்று, அறுந்த கால் ஒன்று என இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அதைப் பார்த்த ஒரு வாசகர் மைதானத்தில் விழுந்தவரைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தாலே, அவர் நான்காவது வாரத்தில் வராமல் முதல் வாரத்தில் வந்துவிடுவார்.

இப்படிக்கு,
எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் அடங்கிய குழுவினர்